இளநீரால் தீராத சூடு

எங்கள் ஊரில் பெண்களுக்கு வரும் நோய்கள் மொத்தமே இரண்டுதான். ஒன்று சூடு, இன்னொன்று குளிர்ச்சி. தலைவலி, கண் எரிச்சல், முடி கொட்டுவது, கோபம் எல்லாம் சூட்டில் சேரும். மூக்கு ஒழுகுவதும் மூட்டு வலியும் குளிர்ச்சி. நான் கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் பிறந்தவள், அங்கேயே ஒரு தமிழ்ப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள். வெள்ளைப்படுதல் வந்தபோது நானும் அதைச் சூடு என்றுதான் நினைத்தேன். வருடா வருடம் கரும்பலகையில் அமீபாவும் பாரமீசியமும் யூக்ளினாவும் வரைந்து பாகம் குறிக்கிறேன். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வெந்தயம் ஊறவைப்பேன். படிப்பு பள்ளிக்கூடத்துக்கு, உடம்பு வீட்டுக்கு என்று எப்படியோ பங்கு பிரித்து வைத்திருந்தேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. இரண்டாவது கல்யாணம். முதல் கணவர் சாலை விபத்தில் இறந்து சில வருடம் தனியாக இருந்துவிட்டு, நாற்பதை நெருங்கும்போது துணிந்தேன். இவருக்கும் இது இரண்டாவதுதான். இவருடைய முதல் மனைவி சிறுநீரகம் கெட்டு, நெடுநாள் படுக்கையில் கிடந்து போனவர். இரண்டு பேருக்கும் குழந்தை இல்லை. மேளம் கீளம் எதுவும் இல்லாமல் ரிஜிஸ்டர் செய்துகொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஹோட்டலில் இலை போட்டுச் சாப்பிட்டோம். கல்யாணமாகியும் அவர் என்னை "டீச்சர்" என்றே கூப்பிடுவார். மாற்றச் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன்.

அவருக்கு இளநீர் வியாபாரம். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துத் தோப்புகளில் வெட்டிப் பிக்கப் வண்டியில் ஏற்றி, பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு ஏறி, மாட்டுப்பட்டி அணைப் பக்கம் கடை போடுவார். அந்தக் குளிரில் யார் இளநீர் குடிப்பார்கள் என்று பெண் பார்க்க வந்த அன்றே கேட்டேன். "சொட்டர் போட்டுக்கிட்டு நடுங்கிக்கிட்டே குடிப்பாங்க. டூருன்னு வந்துட்டா எளநி குடிச்சே ஆகோணுமுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் சம்மதம் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

சுற்றுலாக்காரர்கள் கூடுவது சனி, ஞாயிறு. அதனால் வியாழக்கிழமை மாலை மலை ஏறுவார், திங்கட்கிழமை இறங்குவார். ஊரே வாரக் கடைசியில் குடும்பத்தோடு பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் போகும்போது நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். திங்கட்கிழமை சாயங்காலம்தான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை.

முதலில் லேசாகத்தான் இருந்தது. பிறகு மஞ்சளும் பச்சையும் கலந்தாற்போல, நுரையோடு, எனக்கே பிடிக்காத ஒரு வாடையோடு படத் தொடங்கியது. அரிப்பு. சிறுநீர் போனால் எரிச்சல். ஐந்தாவது பீரியடில் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்போது பின்னால் ஒரு முறை பார்த்துக்கொள்வேன். அடுத்த வீட்டில் இருக்கும் நாத்தனாரிடம், அதாவது இவருடைய அக்காவிடம், வாய் தவறி ஒரு நாள் சொல்லிவிட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"சூட்டு ஒடம்பு கண்ணு உனக்கு. நின்னுக்கிட்டே கத்திக் கத்திப் பாடம் நடத்தினா சூடு புடிக்காம என்ன பண்ணும்? எளநி ஏவாரி ஊட்டுல வாக்கப்பட்டுட்டு எளநி குடிக்காம இருந்தா எப்பிடி?"

அன்றிலிருந்து இவருக்கு ஒரு பொறுப்பு வந்துவிட்டது. வாரா வாரம் லோடில் இருந்து நல்ல செவ்விளநீராகப் பொறுக்கி எனக்கென்று தனியாக இறக்கி வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். போனிலும் அதே கேள்விதான். "எளநி குடிச்சீங்களா டீச்சர்? சூடு எறங்குச்சுங்களா?" வைத்தியர் ஆகிவிட்ட பெருமை குரலில் தெரியும். நானும் குடித்தேன். இளநீர், வெந்தயம், நீராகாரம், வாரம் இரண்டு எண்ணெய்க் குளியல். சூடு இறங்கவில்லை. எனக்கு இருந்தது சூடே இல்லை, அப்புறம் எங்கே இறங்கும்?

கடைசியில், பாலக்காட்டில் ஆசிரியர் கூட்டம் முடிந்து வரும்போது பஸ்ஸில் உட்காரவே முடியாமல் போன ஒரு நாள், பாதி வழியில் சித்தூரில் இறங்கி ஒரு பெண் டாக்டரிடம் போனேன். பாலக்காட்டு அக்ரஹாரத்துப் பழைய தமிழ் பேசுகிறவர். வயது என்னைவிடக் கொஞ்சம் கூட. கதையெல்லாம் கேட்டுவிட்டுப் பரிசோதித்தார். பஞ்சுக் குச்சியில் எடுத்ததைக் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு உப்புநீரோடு சேர்த்து, பக்கத்து அறையில் இருந்த நுண்ணோக்கியில் உடனே வைத்துப் பார்த்தார். ஆறிப்போனால் அது அசையாது, அசையாவிட்டால் அடையாளம் தெரியாது என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பயாலஜி டீச்சர்னு சொன்னேளே, பாக்கறேளா?"

குனிந்து பார்த்தேன். வட்ட வெளிச்சத்துக்குள், அசையாமல் கிடந்த செல்களுக்கு நடுவே, பேரிக்காய் வடிவத்தில் ஏதோ ஒன்று வெட்டி வெட்டி ஓடியது. முன்பக்கத்தில் கசையிழைகள் துடிப்பது தெரிந்தது. அப்புறம் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. என் வாழ்நாளில் எத்தனையோ முறை வரைந்த ஒற்றைச் செல் உயிரிகளுக்கு ஒரு தங்கை என் உடம்பிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், முதல் நிமிடம் எனக்குப் பயம் வரவில்லை. பிள்ளைகளுக்குக் காட்ட முடியாதே என்றுதான் தோன்றியது.

"டிரைக்கோமோனாஸ். ரொம்ப சாதாரணம், பயப்பட வேண்டாம். சூடும் கிடையாது, அசுத்தமும் கிடையாது. இது ஒட்டுண்ணி. மாத்திரை சாப்பிட்டாப் போயிடும்" என்றார் டாக்டர்.

"எப்படி வந்துச்சுங்க டாக்டர்?"

"இது உடலுறவு வழியாத்தான் பரவும். டவல், டாய்லெட் எல்லாம் சும்மா சொல்றது. உங்க ஆத்துக்காரரையும் கூட்டிண்டு வரணும், அவரும் மாத்திரை சாப்பிடணும்."

அதற்குப் பிறகு அவர் நிறையச் சொன்னார். எனக்குத் தலையாட்டியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. வியாழனிலிருந்து திங்கள்வரை மாட்டுப்பட்டி என்ற ஒரே கணக்குத்தான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. மாத்திரையை எனக்கு மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவரிடம் சொல்லவில்லை. என்ன சொல்வது? ஒரு தடவை எல்லாம் இழந்துவிட்டு, ஊர் வாயை மீறிக் கட்டிக்கொண்ட வாழ்க்கை. கேட்டுவிட்டால் அதோடு முடிந்துவிடும் என்று பயம். கேட்காவிட்டால் நான் பைத்தியக்காரி ஆகிவிடுவேன் என்றும் பயம். மாத்திரை வாயில் தகரச் சுவையை விட்டுப் போனது. எதைத் தின்றாலும் தகரம். அவர் ஆசையாகச் சீவிக் கொடுத்த செவ்விளநீரும் தகரம்தான். "தித்திப்பா இருக்குதுங்களா?" என்று கேட்பார். இருக்கிறது என்பேன்.

ஒரு வாரத்தில் எல்லாம் நின்றுவிட்டது. எரிச்சல் இல்லை, வாடை இல்லை. புது மனுஷியாகப் பள்ளிக்குப் போனேன். அதற்கடுத்த திங்கட்கிழமைகள் வந்தன. அவர் என் கணவர், எனக்கும் அவரைப் பிடிக்கும். அந்த மாதம் முடிவதற்குள் அரிப்பு திரும்பி வந்தது, அதே நுரை, அதே வாடை.

எனக்கு வேறு நிரூபணமே வேண்டியிருக்கவில்லை. நான் குணமானேன், அவர் மலையிலிருந்து வந்தார், மறுபடி எனக்கு வந்தது. அப்படியானால் மலையில் யாரோ இருக்கிறாள். உயிரியல் ஆசிரியை செய்த ஆராய்ச்சி இது. ஒரு சனிக்கிழமை விடியற்காலை, நாத்தனாரிடம் ஆசிரியர் பயிற்சி என்று சொல்லிவிட்டுப் பொள்ளாச்சி பஸ் ஏறினேன்.

மார்கழி மாதம். உடுமலையில் மாறி மூணாறு பஸ்ஸில் உட்கார்ந்தபோது, அவளிடம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். அவள் எப்படி இருப்பாள் என்றும் முடிவு செய்துவிட்டேன். இளமையாக, ஒல்லியாக, சூடே இல்லாத உடம்போடு இருப்பாள். சின்னாறில் எல்லோரும் யானை தெரிகிறதா என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை.

மாட்டுப்பட்டியில் இறங்கியபோது மதியம். தண்ணீர் மேல் வெயிலும் பனியும் சேர்ந்து கிடந்தன. சாலையோரத்தில் வரிசையாகக் கடைகள். பெரிய வண்ணக் குடைக்குக் கீழே என் கணவர், காதுகளை மப்ளரால் மூடிக்கொண்டு இளநீர் சீவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் அவருக்கு டீ கிளாஸை நீட்டினாள். நேரே போய் முன்னால் நின்றேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கத்தியோடு எழுந்து நின்றார். "டீச்சர்? ஊட்டுல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லீங்களா?"

அவர் முடிப்பதற்குள் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் சோளக்கதிர் சுட்டு விற்கும் எஸ்டேட் பெண் அவள். அடுப்புக்குப் பின்னால் விசிறிக்கொண்டிருந்தவர் அவள் வீட்டுக்காரர்.

"ஏக்கா, நீங்கதானா டீச்சரு? வாங்க, உக்காருங்க. அண்ணாச்சிக்கு எந்நேரமும் ஒங்க பேச்சுதாங்க்கா. ஒங்களுக்குச் சூட்டு ஒடம்பாம்ல, நல்ல எளநியா எடுத்து வீட்டுல வச்சிட்டுத்தான் ஏவாரத்துக்கே வருவாகளாம். இப்ப எப்பிடிக்கா இருக்கு, சூடு கொறஞ்சிருக்கா?"

அடுப்புக்குப் பின்னால் இருந்தவரும் அக்கறையோடு தலையை ஆட்டினார். கேரட் விற்கிறவரும் எட்டிப் பார்த்தார். என் சூடு எனக்கு முன்பே மலை ஏறி மாட்டுப்பட்டியில் கடை போட்டிருந்தது. அந்த இடத்திலேயே அணையில் குதித்துவிடலாம் போல இருந்தது.

அவரைத் தனியாக அழைத்துக்கொண்டு போய், போட்டிங் கூட்டத்துக்கு எட்டாத ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஒட்டுண்ணி, நுண்ணோக்கி, மாத்திரை, திரும்பி வந்தது, எப்படிப் பரவும் என்பது, எல்லாம். கடைசியாக, "யாருங்க அவ?" என்று கேட்டேன்.

அவர் மப்ளரை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது.

"அப்பிடி யாருமே இல்லீங்க. நாலு பேரு படுக்கற ரூம்புல நானும் ஒருத்தனாப் படுத்துக்கறேன். எனக்கு அரிப்பு, எரிச்சல் ஒண்ணுமே கெடயாது. நான் எப்பிடிக் குடுத்திருப்பேன்?" என்றார். பிறகு, "வாங்க, இப்பவே எறங்கலாம். டாக்டரு என்னையும் பாத்துட்டுச் சொல்லட்டும்" என்றார்.

நல்ல வியாபார நாள். குடையைச் சுருக்கி, மீதி இளநீரைச் சோளக்காரப் பெண்ணிடம் விற்கச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மறையூர் தாண்டினோம். சந்தன மரங்களுக்கு வேலி போட்ட இடம் வந்தபோது, சாலையைப் பார்த்தபடியே சொன்னார்:

"எனக்கும் ஒரு கேள்வி இருக்குதுங்க டீச்சர். வாரத்துல பாதி நாளு நானும் ஊட்டுல இருக்கறதில்ல. ஆனா நான் கேக்க மாட்டேன்."

எனக்குச் சுரீர் என்றது. இத்தனை நாளும் அந்தக் கேள்வி என் பக்கமும் திரும்பும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நோய் என் உடம்பில்தான் தெரிந்தது. அவர் உடம்பில் ஒன்றுமே இல்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் வைத்தால் குற்றவாளி யார் என்று ஒரு நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அவரிடம் அந்தத் தீர்ப்பு கையில் இருந்தும், கேட்க மாட்டேன் என்கிறார். அழுகை வந்தது. மப்ளரை என் பக்கம் தள்ளினார், அதில் துடைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். இவர் கோயில் வாசலில் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலீங்களே, டாக்டரம்மா."

"முக்காவாசி ஆம்பிளைகளுக்கு ஒண்ணும் தெரியாது. பொம்மனாட்டிகள்லயே பாதிப் பேருக்குமேல தெரியாது. உள்ளே இருக்கும், பரவவும் செய்யும், ஆனா சத்தம் போடாது. அதனாலதான் ரெண்டு பேரும் ஒண்ணா மாத்திரை சாப்பிடணும்னு அன்னிக்கே இவாகிட்ட சொன்னேன். ஒருத்தர் மட்டும் சாப்பிட்டா, மத்தவர்ட்டேந்து திரும்ப வரும். அதான் வந்திருக்கு."

"அப்போ மலையிலேருந்து வரலீங்களா?" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "கேளுங்கோ. இது எப்போ வந்தது, யார்ட்டேந்து வந்ததுன்னு கண்டுபிடிக்க எந்தப் பரிசோதனையும் கிடையாது. மாசக்கணக்கா இருக்கும், சிலபேருக்கு வருஷக்கணக்காவும் ஒரு அடையாளமும் இல்லாம இருக்கும். உங்க ரெண்டு பேருக்கும் இது ரெண்டாங் கல்யாணம்னு சொன்னேள். அதனால இது கல்யாணத்துக்கு முன்னாடியே ரெண்டுல ஒருத்தர்ட்ட இருந்திருக்கலாம். இப்போ இது இருக்குங்கறதுனால யாரும் யாருக்கும் துரோகம் பண்ணிட்டான்னு அர்த்தம் இல்லை."

எனக்கு என் முதல் கணவரின் முகம் வந்தது. இவருக்கு யார் முகம் வந்திருக்கும் என்றும் தெரிந்தது. படுத்த படுக்கையாக இருந்தவளுக்கு இவர்தான் எல்லாம் செய்தார் என்று ஊரே சொல்லும்.

"அவ பாவமுங்க, டாக்டரம்மா. அவகிட்ட இருந்து வந்திருக்காது. எங்கிட்ட இருந்துதான் இருக்கும்னு எழுதிக்கோங்க" என்றார் இவர்.

"இல்லைங்க, என்கிட்ட இருந்துதான் இருக்கும்" என்றேன் நான். முதல் கணவர் பேரை எடுக்க எனக்கும் மனம் வரவில்லை.

அரைமணி நேரத்துக்கு முன்னால் ஒருவர்மேல் ஒருவர் பழி போட வந்தவர்கள், இப்போது எனக்கு எனக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தோம். டாக்டர் சிரித்துவிட்டார்.

"நான் ஒண்ணும் எழுதப் போறதில்லை. இதுல நாலு பேர் இருக்கா. ரெண்டு பேர் வந்து பதில் சொல்ல மாட்டா. மிச்சம் ரெண்டு பேரும் ஒழுங்கா மாத்திரை சாப்பிடுங்கோ."

நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று அந்த நொடி இறங்கிப் போனது. மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது. இந்த வகை நோய் ஒன்று இருந்தால் மற்றவற்றையும் பார்த்துவிடுவது நல்லது என்று இரண்டு பேருக்கும் ரத்தமும் எடுத்தார்கள். மறுநாள் முடிவு வந்தது, வேறு எதுவும் இல்லை. மருந்துச் சீட்டோடு டாக்டர் விதித்தது மூன்றுதான். ஒரு வாரம் மாத்திரை. அது முடிந்து, தொந்தரவு எல்லாம் நிற்கும்வரை சேரக் கூடாது. மாத்திரை நாட்களில் கள்ளும் வேண்டாம், சிலருக்கு வாந்தி வரும்.

கள் என்றதும்தான் இவர் முகம் மாறியது. திங்கட்கிழமை சாயங்காலம் நாத்தனார் வீட்டுக்காரர் தோப்பிலிருந்து கள்ளும், நாத்தனார் கோழிக்குழம்பும் கொண்டு வந்து எங்கள் வீட்டில் உட்காருவது கல்யாணமான நாளிலிருந்து வழக்கம். அன்றும் வந்தார்கள். கிளாஸை நீட்டினார் மச்சான். இவர் வேண்டாம் என்று கையை எடுத்தார். அந்த வீட்டில் அப்படி ஒரு காட்சியை யாரும் கண்டதில்லை.

"என்றா, ஒடம்புக்கு என்ன?" என்றார் நாத்தனார். "டீச்சரோட சண்டையா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். ஒட்டுண்ணி என்று சொன்னால் விடியும்போது கொழிஞ்சாம்பாறை முழுக்கத் தெரிந்துவிடும்.

"பழனிக்கு மால போடலாம்னு இருக்கறேனுங்க்கா" என்றார்.

நாத்தனார் அப்படியே எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். தம்பி சின்ன வயதிலிருந்து மாலை போடவில்லை என்பது அவருக்கு வெகுநாள் குறை. கோழிக்குழம்பு வந்த வழியே திரும்பிப் போனது. மறுநாள் காலையில் பச்சை வேட்டியும் துளசி மணியும் வந்தன. சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து வந்தபோது என் பாய் தலையணையெல்லாம் உள் அறைக்குப் போயிருந்தன.

"மால போட்டவன் பக்கத்துல படுக்கக் கூடாது கண்ணு. தைப்பூசம் வரைக்கும் நீ உள்ளாறயே படுத்துக்கோ. நான் பாத்துக்கறேன்."

கள் கிடையாது, சேர்க்கை கிடையாது. டாக்டர் கூட இவ்வளவு கண்டிப்பாகக் காவல் இருந்திருக்க முடியாது. ஒரே ஒரு வித்தியாசம்தான். டாக்டர் சொன்னது ஒரு வாரம், நாத்தனார் சொன்னது ஒரு மண்டலம். "என்னங்க இப்படிச் சொல்லி வச்சிட்டீங்க?" என்று சமையலறையில் கிசுகிசுத்தேன். "வாய்ல வந்துருச்சுங்க டீச்சர், முருகனே அடியெடுத்துக் குடுத்துட்டானுங்க" என்று தலையைச் சொறிந்தார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். அப்படி நான் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது.

மாத்திரையை இரண்டு பேரும் ஒன்றாகவே விழுங்கினோம். வியாழனிலிருந்து அவர் மலையில் இருக்கும்போது, காலையும் மாலையும் போன் வரும். "போட்டுட்டீங்களா?" "போட்டுட்டேன், நீங்க?" "வாயெல்லாம் தகரமா இருக்குதுங்க." அப்போதுதான் முன்பு அவர் கொடுத்த இளநீரெல்லாம் எனக்கு எப்படி இருந்தது என்று சொன்னேன். "தித்திப்பா இருக்குதுன்னு சொன்னீங்களே!" என்று சண்டைக்கு வந்தார். வாரம் முடிந்தது. எரிச்சல் போனது, அப்புறம் திரும்பவே இல்லை. ஆனாலும் இவர் மாட்டுப்பட்டிப் பனியில் செருப்பில்லாமல், பச்சை வேட்டியோடு நின்று இளநீர் சீவிக்கொண்டிருந்தார். சோளக்காரப் பெண் போனில் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, அண்ணாச்சி பாதம் வெடிச்சுப் போச்சுக்கா, சாமிகிட்ட சொல்லி ஒரு செருப்பாவது வாங்கிக் குடுங்க" என்றாள். எனக்கு வலித்தது. செய்யாத தப்புக்கு மனிதர் வெறுங்காலோடு நிற்கிறாரே என்று நினைத்தேன்.

தைப்பூசத்துக்கு நானும் நடந்தேன். நாத்தனார் முன்னால் அரோகரா போட்டுக்கொண்டு போக, நாங்கள் பொள்ளாச்சி, உடுமலை என்று அதே சாலையில் பின்னால் நடந்தோம். ஒத்திகை பார்த்துக்கொண்டு பஸ்ஸில் போன அதே சாலை. மலை ஏறிக் கும்பிட்டு, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரெண்டு பேருக்கும் சேத்துக் கும்புட்டுக்கிட்டனுங்க."

"நம்ம ரெண்டு பேருக்கா?"

"இல்லீங்க. போன ரெண்டு பேருக்கும். யாரு மேலயும் ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியிருக்கிறது என்று சந்தோஷமாக இருந்தது.

மாத்திரை முடித்து மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருந்தார் டாக்டர். திரும்ப வந்துவிடும் வழக்கம் இதற்கு உண்டாம், அதனால் தொந்தரவு இல்லாவிட்டாலும் பார்த்துவிட வேண்டும். இரண்டு பேரும் போனோம். அதே கண்ணாடித் துண்டு, அதே உப்புநீர்ச் சொட்டு. டாக்டர் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். வட்ட வெளிச்சத்துக்குள் செல்கள் பாட்டுக்குக் கிடந்தன. ஓரத்திலிருந்து ஓரம்வரை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். ஓடுவது எதுவும் இல்லை. இவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். "ஒண்ணுமே தெரியலீங்களே" என்றார். "அதேதான்" என்றேன்.

வெளியே பங்குனி வெயில். பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்தியிருந்த வண்டியில் மறுநாள் மலைக்குப் போகவேண்டிய லோடு இருந்தது. மேலே ஏறி, தட்டித் தட்டிப் பார்த்து ஒரு செவ்விளநீரைப் பொறுக்கினார். சீவி, கண் திறந்து நீட்டினார்.

"இப்ப எதுக்குங்க? எனக்குத்தான் சூடு ஒண்ணும் இல்லையே" என்றேன்.

"தாகத்துக்குக் குடிக்கக் கூடாதுங்களா, டீச்சர்?"

வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். தகரம் இல்லை. இளநீர் இளநீராகவே இருந்தது. "தித்திப்பா இருக்குதுங்களா?" என்று அவர் கேட்டபோது, இந்தத் தடவை நான் உண்மையைத்தான் சொன்னேன்.